பழைய சிஇ-1 கோரஸ் பெட்டி கைக்கு வந்தால்: வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், காட்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் கிடாரும் கீபோர்டும் வாசிக்கிற பிள்ளைகள் இப்போது பழைய அனலாக் பெட்டிகளைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் பலரும் ஆசைப்படுவது பாஸ் சிஇ-1 கோரஸ் என்செம்பிள். 1976-ல் ஜப்பானில் வெளிவந்தது. பாஸ் என்ற பெயரில் வந்த முதல் பெடல் இதுதான். அதற்கு முந்தின வருடம், 1975-ல், பாஸின் தாய்க் கம்பெனியான ரோலண்ட் ஜேசி-120 என்ற ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டிருந்தது. அந்த ஆம்ப்புக்குள் இருந்த கோரஸ் சர்க்யூட்டைத் தனியாக எடுத்து, காலால் மிதிக்கிற இரும்புப் பெட்டிக்குள் வைத்ததுதான் சிஇ-1.

உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் சரி, பழைய ஆர்கெஸ்ட்ராக்காரர் வீட்டுப் பரணிலிருந்து வாங்கினாலும் சரி, பல பத்தாயிரம் ரூபாய் விஷயம். அவ்வளவு செலவு செய்து வாங்கியதை முதல் நாளே வீட்டு பிளக்கில் சொருகிப் புகைய விட்டவர்கள் உண்டு. நான் பார்த்த வரையில் இந்தப் பெட்டியை வயது கெடுப்பதை விட, தவறான கரண்டு கெடுப்பதுதான் அதிகம். அதனால் கரண்டு விஷயத்துக்கு இங்கே நிறைய இடம் கொடுக்கிறேன். அவசரமாக வாசிக்க நினைப்பவர்களும் அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது

கிடாரிலிருந்து வரும் ஒலியைப் பெட்டி இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று நேராகப் போகிறது. இன்னொன்று சில மில்லி செகண்டு தாமதித்துப் போகிறது. அந்தத் தாமதமும் ஒரே அளவாக இருப்பதில்லை, மெதுவாகக் கூடிக் குறைந்துகொண்டே இருக்கிறது. தாமதம் மாறும்போது சுருதி துளி ஏறி, துளி இறங்கும். இப்படி அசைகிற ஒலியும் நேர் ஒலியும் சேரும்போது, இரண்டு பேர் ஒரே பாட்டை ஒன்றாக வாசிப்பது போல ஒரு அகலம் வருகிறது. அதுதான் கோரஸ். நேர் ஒலியை எடுத்துவிட்டு அசைகிற ஒலியை மட்டும் கேட்டால் அது வைப்ரேட்டோ. சிஇ-1-ல் இரண்டும் இருக்கின்றன, காலால் மிதித்து மாற்றிக்கொள்ளலாம்.

தாமதத்தை உண்டாக்குவது மட்சுஷிதா கம்பெனியின் எம்என்3002 என்ற சிப். 1969-ல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் கம்பெனியில் சாங்ஸ்டர், டியர் என்ற இருவர் கண்டுபிடித்த முறையில் இது வேலை செய்கிறது. நம் தெருவில் தண்ணி லாரி வந்தால் ஜனங்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றி வீடு வரை கொண்டுபோவார்கள் இல்லையா, அதே வேலைதான் இங்கே. குடத்துக்குப் பதில் சின்னச் சின்ன மின்னேற்றம், ஆட்களுக்குப் பதில் 512 கட்டங்கள். 'மாத்து, மாத்து' என்று தாளம் போட ஒரு கிளாக் இருக்கிறது. கிளாக் வேகமாக அடித்தால் ஒலி சீக்கிரம் மறுமுனைக்கு வந்துவிடும், மெதுவாக அடித்தால் தாமதமாகும். கட்டங்களின் எண்ணிக்கையைக் கிளாக் வேகத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். 512 கட்டம், 50 கிலோஹெர்ட்ஸ் கிளாக் என்றால் சுமார் 5 மில்லி செகண்டு.

கைமாறும்போது குடம் கொஞ்சம் தளும்பத்தான் செய்யும். அதனால் ஒலியின் உச்சிக் கூர்மை சற்று மழுங்கும், மெல்லிய இரைச்சலும் சேரும். இந்த மழுங்கலைத்தான் எல்லாரும் அனலாக் வெதுவெதுப்பு என்று தேடுகிறார்கள். ஆகவே லேசான 'ஸ்ஸ்' சத்தம் கேட்டால் பெட்டி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒலி எப்படி என்று அல்ல, வோல்டேஜ் லேபிள் எங்கே என்றுதான். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிட்டத்தில் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பானுக்குச் செய்தது 100 வோல்ட். அமெரிக்காவுக்கு அனுப்பியது 117 வோல்ட். 220, 240 வோல்ட் பெட்டிகளும் உண்டு. நமக்கு ரொம்ப வசதி இவைதான். ஆனால் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 100-ம் 117-ம்.

அடுத்து ஒரு வீடியோ கேளுங்கள். அதில் நாலு விஷயம் தெரிய வேண்டும். எஃபெக்ட் இல்லாமல் நேர் ஒலி. கோரஸில் இன்டென்சிட்டி குமிழைக் குறைந்ததிலிருந்து கடைசி வரை திருப்புவது. வைப்ரேட்டோவில் வேகக் குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்புவது. கடைசியாக, எதுவுமே வாசிக்காமல் சும்மா ஒரு நிமிடம். இந்தக் கடைசி நிமிடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். சீரான இரைச்சல் பரவாயில்லை. 'உம்ம்' என்ற ஹம் பலமாக இருந்தால் பவர் சப்ளைக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அது சரி செய்யக்கூடியதுதான், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். அசைவே இல்லாமல் ஒலி தட்டையாக இருந்தாலோ, தாமதித்த ஒலி மட்டும் கரகரவென்று உடைந்து வந்தாலோ எச்சரிக்கையாக இருங்கள். சிப் போயிருக்கலாம். எம்என்3002 இப்போது கடையில் போய்க் கேட்டு வாங்குகிற சாமான் இல்லை, மேலே எண் அச்சடித்த போலிகளும் சுற்றுகின்றன.

பெட்டியைத் திறந்து போர்டையும் ஃபோட்டோ எடுக்க விற்பவர் சம்மதித்தால் ரொம்ப நல்லது. கூடுதலாகத் துளை போட்டிருக்கிறார்களா, பவர் கார்டை மாற்றியிருக்கிறார்களா, சால்டர் புதிதாக மினுமினுக்கிறதா என்று பாருங்கள். யாரோ நல்லபடியாகச் சரி செய்த பெட்டி, தொடாத பெட்டியை விட எனக்குப் பிடிக்கும். நாற்பது வருடத்துக்கு மேலாகத் திறக்கவே இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். மேடையில் வாசிக்கப் போகிறவருக்கு அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கரண்டு: இங்கேதான் நிதானம் வேண்டும்

நம் வீட்டு கரண்டு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 100 வோல்ட் பெட்டியை நேராகச் சொருகினால் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கும். ஜப்பான் பெட்டியின் தட்டையான இரண்டு முள் நம் ஊர் பிளக்கில் நேராக நுழையாது. நுழையாமல் இருப்பது நல்லதுக்குத்தான். ஆனால் எந்த ஃபேன்ஸி ஸ்டோரிலும் கிடைக்கிற அடாப்டரை மாட்டினால் நுழைந்துவிடும். அது முள்ளின் வடிவத்தை மட்டும்தான் மாற்றுகிறது, வோல்டேஜை அல்ல. இதைத் தெரியாமல் செய்துதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேண்டியது ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர். கடையில் 230-லிருந்து 110 என்று எழுதியது சுலபமாகக் கிடைக்கும். 117 வோல்ட் பெட்டிக்கு அது ரொம்பப் பொருத்தம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. ஹெர்ட்ஸ் குறையும்போது பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அதனால் சற்றுக் குறைந்த வோல்டேஜ் கொடுப்பது அதற்கு நல்லது. 100 வோல்ட் பெட்டிக்கு மட்டும் இந்த 110 ஆகாது. ராத்திரி லைனில் 250 வோல்ட் வந்தால், 110 வரவேண்டிய இடத்தில் 120 நிற்கும். பயணத்தில் ஹேர் டிரையர் போடுவதற்கென்று கையடக்கமாக விற்கிறார்களே, அந்த எலக்ட்ரானிக் கன்வெர்ட்டரைத் தொடவே வேண்டாம். அதிலிருந்து வரும் கரண்டு ஒழுங்கான அலையாக இருக்காது.

இதற்கு நான் சொல்கிற வழி வைண்டிங் கடை. மோட்டார் காயில் கட்டுகிற கடை நம் ஊர்களில் தெருவுக்கு ஒன்று இருக்கும். எல்லாரும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டுவதில்லை, ஸ்டெபிலைசர் வேலை செய்கிறவராகப் பார்த்துக் கேளுங்கள். கேட்க வேண்டியது இது: பிரைமரி 230, செகண்டரி 100, கூடவே 115-க்கு ஒரு டேப்பிங், 50 விஏ, ஐசோலேஷன் டைப், ஆட்டோ வேண்டாம். ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மரில் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே சுருளில் இருக்கும், லைனுக்கும் உங்கள் கைக்கும் நடுவே தடுப்பு கிடையாது. ஐசோலேஷன் டைப்பில் இரண்டு சுருளும் தனித்தனி.

இன்னொரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி இழுப்பது சில வாட்தான். ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டுகிறவர்கள் வழக்கமாக முழு லோடு போட்டால் வோல்டேஜ் இறங்கும் என்று கணக்குப் போட்டுச் சுற்றுக்களைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். லோடு குறைவாக இருந்தால் 100 வரவேண்டிய இடத்தில் 107, 108 வந்து நிற்கும். "லோடே இல்லாம 100 வந்தா போதும்ணே, இழுக்கிறது சின்ன ஐட்டம்தான்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல கைகாரர் மாட்டிக் காட்டும்போது மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று அவரே பார்க்கச் சொல்வார். மஞ்சள் டேப் சுற்றிய சுருளின் மேல் எந்த வயர் 100, எந்த வயர் 115 என்று மார்க்கரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரைமரி பக்கம் 500 மில்லி ஆம்ப் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ் ஒன்று போடச் சொல்லுங்கள். இதை ஒரு இரும்பு டப்பாவில் அடைத்து, வெளியே வரும் சாக்கெட்டில் பெட்டியின் பிளக் மட்டும் நுழைகிற மாதிரி செய்துவிட்டால் கச்சேரி அவசரத்தில் யாரும் மாற்றிச் சொருக முடியாது.

மேடை கரண்டு தனிக் கதை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு வைகாசியில், வேலூர்ப் புஷ்பப் பல்லக்கு சித்திரைப் பௌர்ணமியில். இரண்டுமே கொதிக்கிற காலம். அப்போது ஜெனரேட்டரில் ஓடுகிற மேடையில் சீரியல் செட் லைட்டெல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தால் வோல்டேஜ் குதிக்கும். மேடையில் சொருகுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து ஒரு முறை பாருங்கள். 250-க்கு மேல் போனாலோ நிலையில்லாமல் ஆடினாலோ, ஒரு சின்ன ஸ்டெபிலைசர் நடுவில் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் அன்றைக்குப் பழைய பெட்டியை உறையிலேயே விட்டுவிட்டு வாசியுங்கள்.

எர்த் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டி முழுக்க இரும்பு, வந்த வயரோ சில சமயம் இரண்டு கோர்தான். உள்ளே இன்சுலேஷன் எங்காவது உரிந்திருந்தால் உடம்பிலேயே கரண்டு வரும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, மூன்று கோர் கார்டு போட்டு, எர்த்தைப் பெட்டியின் உடம்போடு சேர்த்து வாங்குங்கள். கிடார்க் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைக்கும்போது உதட்டில் சுருக்கென்று இழுத்தால், உடனே கையை எடுத்துவிட்டு எர்த்தைப் பாருங்கள். சமாளித்துக்கொண்டு வாசிக்கிற விஷயம் இல்லை அது.

முதல் முறை ஆன் செய்வது

பல வருடம் தூங்கின பெட்டியை நேராக ஆன் செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு ஒன்று வேண்டும், கரண்டு ஒரு பல்பு வழியாகப் போய் அடுத்த சாமானுக்கு வருகிற பலகை அது. எல்இடி ஆகாது, பழைய குண்டு பல்புதான். 25 வாட் போதும். வீட்டுக் கரண்டுக்கும் உங்கள் ஸ்டெப் டவுனுக்கும் நடுவில் அந்த பல்பு இருக்கட்டும்.

கிடார், ஆம்ப் எதுவும் மாட்டாமல் ஸ்விட்சைப் போடுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சென்று அடித்து, அப்படியே மங்கி அணைந்தால் அல்லது இழை லேசாகச் சிவந்து நின்றால் நல்ல செய்தி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அணைத்துவிடுங்கள், அன்றைக்கு வேலை அவ்வளவுதான், அடுத்தது பழுது பார்ப்பவர் மேஜை. நல்ல செய்தியாக இருந்தால் ஒரு கால் மணி நேரம் அப்படியே விட்டு வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள். கருகல் வாடையோ, புளித்த மீன் மாதிரி வாடையோ வருகிறதா என்று முகருங்கள். இரண்டாவது வாடை கெப்பாசிட்டர் கசிவது. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக்கூடாது. எல்லாம் சரியென்றால் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கள்.

மாட்டுவதும் அளவு பார்ப்பதும்

சிஇ-1-க்குக் கிடாரை நேராக மாட்டினால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒலி சப்பையாக, போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி தோன்றும். காரணம், இதன் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு இது காட்டும் எதிர்ப்பு, இன்றைய கிடார்ப் பெடல்களை விடக் குறைவு. கிடார்ப் பிக்கப்பின் மேல் பாரம் ஏறி, உச்சி ஒலிகள் கீழே இறங்கிவிடுகின்றன. கீபோர்டு, எலக்ட்ரிக் பியானோ மாதிரி பலமான சிக்னல் கொடுக்கும் வாத்தியங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. இந்தப் பெட்டி கீபோர்டில் அவ்வளவு நன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிடாருக்குத் தீர்வு சுலபம். முன்னால் ஒரு பஃபர் போடுங்கள், பிக்கப்பின் மேல் பாரம் ஏறாமல் தடுக்கும் சின்ன சர்க்யூட் அது. தனியாக வாங்க வேண்டியதில்லை, பாஸ் கம்பெனியின் சின்னப் பெடல் ஏதாவது ஒன்று, ட்யூனர் இருந்தால் கூடப் போதும், அணைத்த நிலையிலேயே பஃபர் வேலை செய்யும். ஓவர் டிரைவ், டிஸ்டார்ஷன் எல்லாம் சிஇ-1-க்கு முன்னால். டிலே, ரிவெர்ப் பின்னால்.

பெட்டியில் ஹை, லோ என்று ஒரு ஸ்விட்சும், ஒரு லெவல் குமிழும், பீக் என்று ஒரு சின்ன லைட்டும் உண்டு. நீங்கள் வாசிக்கப் போகிறதிலேயே பலமான அடியை அடித்துப் பாருங்கள். அந்த அடிக்கு மட்டும் லைட் மின்னி மறைந்தால் அளவு சரி. மின்னவே இல்லை என்றால் இரைச்சல் தூக்கலாகத் தெரியும். எந்நேரமும் எரிந்தால் ஒலி உடைய ஆரம்பிக்கும். ஸ்விட்சை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதன் ப்ரீஆம்ப்பைக் கொஞ்சம் வேண்டுமென்றே முட்டவிட்டு, அந்தக் கரகரப்புக்காகவே வைத்திருப்பவர்கள் உண்டு. எஃபெக்டை அணைத்தாலும் ஒலி அந்த ப்ரீஆம்ப் வழியாகத்தான் போகிறது, அதனால் பெட்டியை வரிசையில் சேர்த்தாலே உங்கள் கிடாரின் நிறம் சற்று மாறும். எனக்கு அந்த நிறம் பிடிக்கும். பிடிக்காதவர்கள் பெட்டியையே வரிசையிலிருந்து விலக்குகிற லூப் ஸ்விட்ச் ஒன்றை வெளியே போட்டுக்கொள்ளலாம்.

கிடாரை ட்யூன் செய்யும்போது எஃபெக்டை அணைத்துவிடுங்கள். அசைகிற சுருதியை வைத்து ட்யூன் செய்தால் ட்யூனரும் குழம்பும், நீங்களும் குழம்புவீர்கள்.

ஒரு ஸ்பீக்கரா, இரண்டா

இந்தப் பெட்டியின் முழு அழகு தெரிவது இரண்டு ஆம்ப் வைத்தால்தான். பின்னால் இரண்டு அவுட்புட் இருக்கின்றன. இரண்டிலும் கேபிள் மாட்டினால், ஒன்றில் நேர் ஒலி மட்டும் வரும், மற்றதில் அசைகிற ஒலி மட்டும் வரும். பெட்டிக்குள் கலக்காமல், அறையின் காற்றில் கலக்கும். ஜேசி-120 ஆம்ப்பிலும் இதே ஏற்பாடுதான், இரண்டு 12 இஞ்ச் ஸ்பீக்கரில் ஒன்று நேர், ஒன்று அசைவு.

ஒரு சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூட ஹாலிலோ இடம் கிடைத்தால் சோதித்துப் பாருங்கள். இரண்டு ஆம்ப்பையும் ஆறேழு அடி தள்ளி வைத்து, சத்தம் இரண்டிலும் சமமாக இருக்கும்படி செய்து, ஒரு ஜி கார்டை நீளமாக விடுங்கள். இடது ஆம்ப் பக்கத்தில் காதை வைத்தால் வெறும் கிடார். வலது ஆம்ப் பக்கம் போனால் சுருதி தள்ளாடுகிற கிடார், அதுவும் தனியாகக் கேட்க அவ்வளவு நன்றாக இருக்காது. இப்போது நடுவில் வந்து நான்கு அடி பின்னால் நில்லுங்கள். இரண்டும் சேர்ந்து, ஒலி எந்த ஆம்ப்பிலிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாதபடி அகலமாக எழும். தலையைக் கொஞ்சம் இப்படி அப்படித் திருப்பினால் கூட மாறும். ஒரு ஸ்பீக்கரில் இது வராது.

ஆனால் நம் ஊர் மேடையில் இதற்கு வழி குறைவு. கல்யாண மண்டபமானாலும் திருவிழா மேடையானாலும் சவுண்ட் சர்வீஸ் தம்பி சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, ஸ்டீரியோலாம் கிடையாது, எல்லா பாக்ஸும் ஒரே லைன்." அவர் மேல் தப்பில்லை. மண்டபத்தில் இடது பக்கம் உட்கார்ந்தவருக்கு ஒரு பாதி, வலது பக்கம் உட்கார்ந்தவருக்கு மறு பாதி கேட்டு என்ன பயன்? அங்கே மோனோ அவுட்புட் ஒன்றை மட்டும் மாட்டுங்கள். அப்போது இரண்டு ஒலியும் பெட்டிக்குள்ளேயே கலந்து வரும். இன்னொரு ஜாக்கில் கேபிள் ஏதாவது தெரியாமல் சொருகியிருந்தால் கலப்பது நின்றுவிடும். மிக்ஸருக்கு வெறும் கிடார் மட்டும் போய், "அண்ணே, எஃபெக்டே வரலியே" என்று மேடையில் சத்தம் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டு ஆம்ப் வைக்கும்போது ஹம் வந்தால் எர்த் முள்ளை உடைக்காதீர்கள். முதலில் இரண்டு ஆம்ப்பையும் பெட்டியின் ஸ்டெப் டவுனையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சொருகிப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால், ஒரு பக்கம் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் அல்லது ஆடியோ ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

குமிழ்களை எங்கே வைப்பது

கோரஸ் பக்கம் இன்டென்சிட்டி என்ற ஒரே குமிழ்தான். புதியவர்கள் கை தானாக அதைக் கடைசி வரை திருப்பும். கடிகாரத்தில் பத்து மணி அளவில் ஆரம்பியுங்கள். எஃபெக்ட் இருப்பது தெரியாமல், அணைத்தால் மட்டும் ஏதோ குறைந்த மாதிரி இருக்க வேண்டும், அதுதான் என் அளவு. எண்பதுகளின் மெல்லிசைப் பாட்டுகளில் பின்னணியில் பளபளக்கும் கிடார் ஆர்ப்பெஜியோவை வாசிக்கும்போது பன்னிரண்டு மணி வரை போகலாம். எலக்ட்ரிக் பியானோவுக்கு இன்னும் தாராளமாக வைக்கலாம், அது தாங்கும்.

பேஸ் கிடாருக்கு ரொம்பக் குறைவாக. கீழ் ஸ்வரங்கள் அசைந்தால் பாட்டின் அடித்தளமே ஆடுவது போலிருக்கும், டிரம்ஸோடு ஒட்டாது.

நம் இசை வாசிப்பவர்களுக்கு ஒன்று. எலக்ட்ரிக் மேண்டலினிலோ, பிக்கப் வைத்த வீணையிலோ, கிடாரில் கம்பியை இழுத்தோ கமகம் வாசித்தால், அந்த அசைவின் துல்லியம்தான் ராகத்தின் உயிர். காந்தாரம் எவ்வளவு அசைய வேண்டும் என்பது உங்கள் விரலில் இருக்கிறது. அதன் மேல் பெட்டியும் தன் பங்குக்கு அசைத்தால் இரண்டும் மோதும். தோடி வாசிக்கும்போது கோரஸை அணைத்துவிடுங்கள். நீண்ட கார்வைகளும் கார்டுகளும் வரும் இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

வைப்ரேட்டோ பக்கம் டெப்த், ரேட் என்று இரண்டு குமிழ். டெப்த்தைக் குறைத்து, ரேட்டை நடுவில் வைத்தால் பழைய ஆர்கன் மாதிரி ஒரு நடுக்கம் வரும். மற்றபடி நான் அதிகம் தொடுவதில்லை.

பழுது என்று வந்தால்

முதலில் மாற்ற வேண்டியது பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். தலை உப்பியிருந்தாலோ, அடியில் பிசுக்கு இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம். அதற்காக போர்டில் இருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போடச் சொல்லாதீர்கள். பழைய போர்டின் செம்புத் தடம் சூட்டில் உரிந்து வந்துவிடும். குமிழ் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்து முறை திருப்பினால் போதும். சைக்கிளுக்கும் கீலுக்கும் அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம்.

உள்ளே சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருகுகிற ட்ரிம் பாட்கள் இருக்கும். சிப்புக்கு எவ்வளவு பயாஸ் (நிலையாகக் கொடுக்கும் வோல்டேஜ்) போக வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவை அவை. அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் இல்லாமல் அவற்றைத் திருகுவது கண்ணைக் கட்டிக்கொண்டு சுருதி சேர்ப்பது. யாராவது திருகித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் இருந்த நிலையை நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிப்பை விரலால் தொடுவதும் ஆகாது, நம் உடம்பில் சேர்ந்திருக்கும் ஸ்டாட்டிக்கே அதைக் கொன்றுவிடும்.

கெப்பாசிட்டர், ஜாக், ஃபுட் ஸ்விட்ச் மாதிரியான சாமான்களுக்குக் காட்பாடியில் ரயிலேறினால் போதும். ஒரு பக்கம் சென்னை ரிச்சி தெரு, மறு பக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு. காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம். பழைய மாதிரியைக் கழற்றிக் கையிலேயே எடுத்துப் போங்கள். மதிப்பு மட்டும் எழுதிப் போனால் அளவு பொருந்தாத ஒன்றை வாங்கி வர நேரும்.

கிடைக்கவில்லை என்றால்

சிஇ-1 கிடைக்கவில்லை, கட்டுப்படி ஆகவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். 1979-ல் வந்த சிஇ-2 சின்னது, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், மோனோ மட்டும். அதில் எம்என்3007, 1024 கட்டம் உள்ள சிப். பழைய சிஇ-2 வாங்கினால் அடாப்டர் லேபிளில் ஏசிஏ என்று இருக்கிறதா, பிஎஸ்ஏ என்று இருக்கிறதா என்று பாருங்கள், முதலாவது பழைய அடாப்டர் வகை, இரண்டாவது பிற்காலத்தது. ஏசிஏ என்றால் இன்றைய 9 வோல்ட் அடாப்டரைத் தனியாகக் கொடுத்தால் லைட் மங்கும், ஒலியும் சோர்ந்து போகும். அதற்கென்று உள்ள 12 வோல்ட் ஏசிஏ அடாப்டரைக் கொடுங்கள், அல்லது பேட்டரி போடுங்கள்.

2016-ல் பாஸ் கம்பெனியே சிஇ-2டபிள்யூ என்று ஒன்றை வெளியிட்டது. அனலாக் சர்க்யூட், ஸ்டீரியோ அவுட்புட், ஒரு ஸ்விட்சைத் தள்ளினால் சிஇ-1 ஒலி. திருவிழா மேடைக்கும் மண்டபத்துக்கும் இதை எடுத்துப் போய், பழைய சிஇ-1-ஐ வீட்டிலும் ஸ்டுடியோவிலும் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

வைத்திருக்கும் முறை

ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மூடிய காரிலும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் பரணிலும் பெட்டியை வைக்காதீர்கள். சூடு கெப்பாசிட்டரின் ஆயுளைக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறாமல், மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பை இரண்டோடு வையுங்கள். வாசிக்காவிட்டாலும் மாதம் ஒரு முறை கொஞ்ச நேரம் ஆன் செய்து விடுங்கள், கெப்பாசிட்டர்கள் தூங்காமல் இருக்கும். பிளக்குக்குப் பக்கத்தில் வயரிலேயே '100 வோல்ட் மட்டும்' என்று தமிழில் எழுதி ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். மேடையில் உதவிக்கு வருகிற பையன் அதைப் படித்துவிட்டுத்தான் சொருகுவான்.